பழைய இரும்பும் புதிய ஓட்டமும்

ஏழை மனிதனுக்கு விடுதலை தந்த யந்திரங்கள் உலகில் சிலவே. அவற்றுள் தலையாயது துவிச்சக்கர வண்டி என்று நாம் துணிந்து கூறுவோம். அதற்குப் புல்லும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம். ஏறியவன் உழைப்பே அதற்கு உணவு. அத்தகைய வண்டிகள் பல, தோட்டத்து லயங்களின் பின்புறத்திலும் பட்டணத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் துருவேறிக் கிடக்கின்றன. அவற்றைப் பண்டமாற்றாகக் கிடைக்கும் பழைய பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் மீண்டும் ஓடச் செய்யலாமா? செய்யலாம். எவ்வாறு முடிகிறது என்பதற்குச் சரித்திரமே விடை கூறுகிறது. அச்சரித்திரத்தில் தமிழருக்கும் பங்கு உண்டு.

இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாய், பின் சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும்படியான ‘ரோவர்’ வண்டியை 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் வெளியிட்டார். 1888இல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அன்று முதல் உலகம் ரப்பரைத் தேடியது. 1876இல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து லண்டனுக்குக் கொண்டு சென்ற விதைகளின் வழிவந்த கன்றுகள், மறு ஆண்டே சிங்கப்பூரை அடைந்திருந்தன. முதலில் சைக்கிள், பின்னர் மோட்டார் என்று டயரின் தேவை பெருகப் பெருக, காடுகள் தோட்டங்களாயின. நெகிரி செம்பிலானில் ரந்தாவை அடுத்த கோலா சாவா போன்ற ஊர்ப்புறங்களிலும் நம்மவர் பால்வெட்டும் கத்தியோடு விடியுமுன் நிரையில் நின்றனர். ‘சாவா’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு நெல்வயல் என்று பொருள். நெல்லின் பெயர் தாங்கிய ஊரைச் சூழ ரப்பர் வளர்ந்ததற்கு உலகத்துச் சக்கரங்களே காரணம்.

ஆனால் சக்கரத்துக்குப் பால் எடுத்தவனுக்குச் சக்கரம் எளிதில் கிடைக்கவில்லை. 1920களின் இறுதியில் மலாயாவின் சில மாவட்டங்களில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வகுக்கப்பட்டிருந்தது. மரம் என்னவோ இருவர் கத்திக்கும் ஒரே பாலைத்தான் சுரந்தது! அக்கூலியில் சீமை வண்டி வாங்குவது கிராணிக்குக் கைகூடலாம், பால்வெட்டுவோனுக்குக் கனவே. ஆகவே, பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கிச் செப்பனிடுவது நம்மவருக்கு வேடிக்கை விளையாட்டன்று, பிழைப்பின் வழி.

பழைய பாகம் ஒன்று வேறு வண்டியில் பொருந்துவது எப்படி? 1861இல் பர்மிங்காமில் துப்பாக்கி செய்யத் தோன்றிய பி.எஸ்.ஏ. கம்பெனி, 1880இல் சைக்கிள் தொழிலில் இறங்கியது. ஒரு துப்பாக்கியின் பாகம் மற்றொன்றிலும் பொருந்த வேண்டும் என்ற படைக்கல நியதியை அது வண்டிக்கும் கொண்டுவந்தது. மூன்று துப்பாக்கிகளை முத்திரையாகக் கொண்ட அதன் பாகங்களைச் சிறு கம்பெனிகள் பலவும் வாங்கி வண்டி கட்டின. கொல்லுவதற்குக் கண்ட ஒழுங்கு, ஏழையின் பயணத்துக்கு உதவியது.

அவ்வொழுங்குக்கு விலக்கும் உண்டு. பெடல் அச்சின் கப்புகளுக்கு அங்குலத்துக்கு 24 புரி என்பது பொது வழக்கு. நாட்டிங்காமின் ராலே கம்பெனியோ பல வண்டிகளுக்கு 26 புரி இட்டது. இதை அறியாமல் மாற்றிக்கொண்டவன் கையில் இருப்பது வெறும் இரும்பே. பழைய ஆங்கில வண்டிக்கு முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40 கம்பி. வேறு நாட்டு வண்டிகளில் இரண்டுக்கும் 36 என்பது பெருவழக்கு. ரிம்மை மாற்றுமுன் துளைகளை எண்ணிக்கொள்க. ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல் அது செய்த ஆண்டு பெரும்பாலும் பொறித்திருக்கும். ஆயினும் அது ஹப்பின் வயதேயன்றி வண்டியின் வயதன்று; சக்கரங்கள் கைமாறுவது என்றும் உள்ளது.

பழுதுபார்ப்பின் வலிமையை யுத்தம் நமக்குக் கொடூரமாகக் கற்பித்தது. 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையில் ஒரு டிவிஷனுக்குச் சுமார் 6,000 சைக்கிள்கள் இருந்தன. மலிவான ஜப்பானிய வண்டிகள் யுத்தத்துக்கு முன்பே இங்கு விற்றிருந்தமையால், அவர்களுக்கு உதிரிப் பாகங்கள் ஊர்தோறும் அகப்பட்டன. ஒவ்வொரு கம்பெனியோடும் பழுதுபார்ப்போர் சென்றனர். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பின் ரப்பர் விளையும் நாட்டிலேயே டயர் அரிதாயிற்று! மூலப்பொருள் நம்மிடம், தொழிற்சாலை அயலாரிடம் என்றிருந்த நாட்டின் கதி அது.

ஆகையால் வண்டி கட்ட விரும்பும் இளைஞருக்கு நாம் கூறுவது இது. முதலில் சட்டத்தைப் பாருங்கள். மேல்துரு போகும்; இணைப்பில் விரிசலோ குழாயில் வளைவோ இருந்தால் அச்சட்டம் வேண்டாம். சட்டத்தில் வெட்டிய எண் அழிக்கப்பட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் மலிவாயினும் மலிவன்று. கையிலுள்ள காசை முதலில் பிரேக்குக்கும் டயருக்கும் பேரிங் குண்டுகளுக்கும் செலவிடுங்கள். வர்ணமும் முலாமும் காத்திருக்கட்டும். உங்களிடம் மிகையாயுள்ள ஹேண்டில்பார் மற்றொருவர் தேடுவதாயிருக்கலாம். இன்று சிலர் பழைய ராலே வண்டிகளைச் சேகரித்து, அசல் பாகம் என்பதற்காகவே பெரும் விலை கொடுக்கின்றனர். அது அவர் பிரியம். ஓடுவதற்கென்று கட்டுபவன் அப்போட்டியில் கடன்பட வேண்டுவதில்லை.

ஒன்று மட்டும் மறவாதிருப்போம். கையில் எண்ணெய்க் கறை படுவதை இழிவென்று கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. கருமானையும் தச்சனையும் தாழ்த்திவிட்டு, அவர்கள் செய்த வண்டியில் ஏறிச் செல்வது என்ன நியாயம்? பெண்கள் வண்டி விடுவதை நகைத்த காலமும் ஒன்றிருந்தது. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுத் தாமே கடைக்கும் வயலுக்கும் சென்றபோது, அந்நகைப்பு வாயடைத்தது. ஆதலின் ஸ்பானரைப் புதல்வன் கையில் மட்டுமன்றிப் புதல்வி கையிலும் கொடுங்கள். வண்டியை வாங்கத் தெரிந்தவன் கடைக்காரனை நம்பி நிற்கிறான். கட்டத் தெரிந்தவர் தம் கையை நம்பி நிற்கின்றனர். நம் மக்களுக்கு வேண்டுவது அந்த நம்பிக்கையே.