சிலம்பின் மணியும் கடலோட்டுப் பாட்டும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர் சித்தாண்டியை அடைவர். சித்திரவேலாயுத சுவாமி கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூர் வயல்வளம் மிக்கது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியும், அதற்கப்பால் ஆழியும் அமைந்த மட்டக்களப்பு நாட்டிலே, உழுதொழிலும் மீன்தொழிலும் அயலயலே வளர்ந்தன. இந்நாட்டுக் கண்ணகி கோயில்கள் வைகாசித் திங்களில் திறக்கப்படுங்கால், மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் மக்கள் திரள்வர். அவர்கள் முன்னிலையிற் படிக்கப்படும் ஏடு கண்ணகி வழக்குரை. அதிலே மரக்கலங் கட்டுதலும், கடலோடுதலும், கடற்போரும் விரிவாகப் பாடப்படுகின்றன. நெல் விளைவிக்கும் மக்கள் கேட்கும் வழிபாட்டுப் பாட்டிற் கடல் புகுந்தவாறு எங்ஙனம்? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை என வழங்கும் இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968ஆம் ஆண்டிற் பதிப்பித்தார். கோவலன் கண்ணகி திருமணத்தைக் கூறுமுன் கப்பல் வைத்த காதை, கடலோட்டு காதை என்னும் பகுதிகள் இதன்கண் அமைந்துள்ளன. கண்ணகியின் காற்சிலம்புக்கு நாகமணி வேண்டும். அது கடலுக்கு அப்பால் வெடியரசனது நாட்டில் உள்ளது. அதனைக் கொணர மீகாமன் என்பான் கலஞ் செலுத்திச் சென்று, வெடியரசனோடு பொருது, மணியோடு மீள்கின்றான். இதுவே அப்பகுதிகளின் சாரம்.

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில் இக்கடற்பயணம் இல்லை. ஆயினும், இதற்கு இடந்தரும் வித்து ஆங்கே உண்டு. கண்ணகியின் தந்தை மாநாய்கன். அப்பெயர் கடல்வணிகர் தலைவனைக் குறிப்பது என்பர் அறிஞர். அன்றியும், மதுரையில் வழக்கு வென்றது எதனால்? பாண்டிமாதேவியின் சிலம்பிற் பரல் முத்து. கண்ணகியின் சிலம்பிற் பரல் மாணிக்கம். அரசவையிற் சிலம்பு உடைந்து மணி தெறித்தபோதே கோவலன் குற்றமற்றவன் என்பது வெளிப்பட்டது. காப்பியம் முழுவதும் அம்மணியின்மேல் நிற்கின்றது எனினும் மிகையாகாது. ஆனால், அம்மணி எங்கிருந்து வந்தது என்பதைக் காப்பியம் கூறிற்றில்லை. அவ்வினாவை எழுப்பி, எங்கள் கடல்வழியே வந்தது என்று விடை பகர்ந்தவர்கள் ஈழத்துக் கடலோர மக்களே.

அவ்விடையும் வெறுங் கற்பனையன்று. பழைய மரபொன்றைத் தழுவியது. மணியாசனத்தின் பொருட்டு நாகநாட்டு அரசர் இருவர் பொருத செய்தியை மணிமேகலை கூறும். மகாவம்சமும் அத்தகைய கதையொன்றை நாகதீபத்தோடு இயைத்துக் கூறும். நாகரும் மணியும் தீவும் ஒருங்கே இணைந்த அப்பழங்கதை, கண்ணகி கதையோடு கலந்து புதுவடிவம் பெற்றது எனக் கொள்ளலாம். நெடுந்தீவிலுள்ள தொல்லிடமொன்றை மக்கள் இன்றும் வெடியரசன் கோட்டை என்றே வழங்குகின்றனர். வெடியரசனை முக்குவர் தலைவன் என்பது மரபு. முக்குவர் தலைமை பெற்று விளங்கிய மட்டக்களப்பு நாட்டிலேயே அவன் பொருத கதை நீக்கப்படாது படிக்கப்பட்டு வருதல் எண்ணத்தக்கது.

இனி, இவ்வோட்டம் ஒருவழிப்பட்டதன்று என்பதையும் உணர்தல் வேண்டும். சிலப்பதிகாரத்தின் ஏழாவது காதை கானல்வரி. புகார்க் கடற்கரையிலே கோவலனும் மாதவியும் யாழ் ஏந்திப் பாடும் அப்பாடல்கள், நெய்தல்நில மக்களின் வரிப்பாடல் மரபைத் தழுவியவை. வாழ்த்துக் காதையிலே அம்மானையும் ஊசலும் வள்ளைப் பாட்டும் இடம்பெறுகின்றன. ஆகவே, கரையிற் பிறந்த பாட்டு முதலிற் காப்பியம் ஏறியது. பின்னர் அக்காப்பியக் கதை மீண்டும் கரையிறங்கிக் கடலோடிகளின் பாட்டாயிற்று. புலவர் கவியும் பொதுமக்கள் பாட்டும் ஒன்றிடம் ஒன்று கடன் பெற்றே வளர்ந்தன.

இப்பயணத்தின் மறுகரையில் நிற்பது அம்பாப் பாட்டு. கரைவலையை வள்ளத்திற் கொண்டு சென்று வளைத்திட்டு, அதன் இருபுறக் கயிறுகளையும் இரு கூட்டத்தார் கரையில் நின்று இழுப்பர். ஒருவன் அடியெடுத்துப் பாட, ஏனையோர் ஏலேலோ முதலிய சொற்களால் ஏற்பர். மூச்சும் கையும் காலும் ஒருங்கியங்கத் தாளம் துணை செய்யும். பாடுவோன் தெய்வப் பெயரையும், காதலையும், கேட்டறிந்த பழங்கதையையும் அத்தாளத்தில் அமைத்துக்கொள்வான். அங்கே பாட்டு ஓய்வுநேர இன்பமன்று, தொழிற் கருவியேயாம்.

இப்பாடல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமோ எனின், எச்சரிக்கையோடு கொள்ளலாம். மீகாமன் எந்த ஆண்டிற் கலமேறினான் என்று வழக்குரையிடம் வினவுதல் பயனற்றது. இம்மக்கள் எதைப் பெருமையாகக் கருதினர், எக்கடலைத் தம்மதாக எண்ணினர் என்று வினவின் அது தெளிவாக விடை கூறும். உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு சிலப்பதிகாரத்தை அச்சேற்றியது 1892ஆம் ஆண்டில். அச்சுநூல் காணாத மட்டக்களப்புச் சிற்றூர்களில் அதற்கு முன்பே கண்ணகி கதை செவிவழி வாழ்ந்தது. அதே 1892ஆம் ஆண்டிற் கண்ணகி வழிபாடு சிறந்த காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்தின் இசைச்செய்திகளை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலைத் தந்தார்.

வழக்குரையைக் கோயிற்சடங்கும் அச்சும் காத்தன. அம்பாப் பாட்டுக்கோ அத்தகைய காவல் இல்லை. தோணிக்கு இயந்திரம் வந்தது. கயிறிழுக்கும் தொழிலும் மாறியது. 2009இல் முடிவுற்ற நீண்ட போரும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளும் கரையோரக் குடிகளைச் சிதைத்தன. தொழில் மறைந்தபின் அத்தொழிலின் பாட்டை நினைவில் வைத்திருப்போர் முதியோர் சிலரே.

தி. சதாசிவ ஐயர் 1940இல் மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டை வெளியிட்டிராவிடின், அப்பாடல்களுட் பல இன்று நமக்கு எட்டியிரா. அவ்வழி நம் முன்னே கிடக்கின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், தம் பாட்டனாரிடம் கேட்ட பாட்டைச் சொல் மாற்றாது, திருத்தாது, பாடிய இடமும் தொழிலும் குறித்து எழுதி வருவாராயின், அதுவே பெருந்தொண்டாகும். கண்ணகியின் வழக்கை வென்ற மணி, சிலம்பு உடையும்வரை ஒருவர் கண்ணிலும் படாது உள்ளே கிடந்தது. நம் கரைகளிலே கிடக்கும் மணிகளும் அத்தகையனவே. அவை கடலோடு போகுமுன் நாம் கண்டெடுத்தல் வேண்டும்.