வன்னி வைத்தியசாலைகளும் நோயாளர் திருப்தியும்



நோயாளி தான் பெற்ற சிகிச்சையில் திருப்தி கொண்டானா என்பதை இந்நாளில் வினாப்பத்திரம் கொடுத்துக் கேட்டறிகின்றனர். வன்னியின் பழைய வரலாற்றை ஆராய்பவனுக்கு அத்தகைய பத்திரம் ஏதும் கிட்டாது. சனங்கள் எங்கே நாடிச் சென்றார்கள் என்பதைக் கொண்டே அவர்கள் மனத்தை ஊகித்தல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னிக் கிராமங்களை வாட்டியவற்றுள் காட்டுக் காய்ச்சலும் பரங்கிப் புண்ணும் முதன்மையானவை. பரங்கியர் கொண்டுவந்த நோய் என்ற நம்பிக்கையே பின்னதன் பெயரில் ஒலிக்கின்றது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி பற்றிய கைந்நூலில், மக்கள் அருகிப்போன குளக்கரைக் குடியிருப்புகளை நாம் காண்கின்றோம்.

1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிரெகரி, கெட்ட நீரும் அரைவயிற்று உணவுமே பரங்கிக்குக் காரணமென நம்பினார். ஆகவே குளந்திருத்துதலும் வைத்தியசாலை அமைத்தலும் அவருக்கு ஒரே பணியாயின. காரணத்தை அவர் அறிந்தாரில்லை. 1905இல் கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய வைத்தியர் கொழும்பிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும் கிரெகரியின் வழியை நான் இகழமாட்டேன். குடிக்க நல்ல நீரில்லாத ஊருக்கு மீளும் நோயாளிக்கு மருந்து மட்டும் எவ்வளவு காலம் துணைநிற்கும்?

1946 முதல் டி.டி.டி. தெளிப்போர் குடிசை வாசலுக்கே வந்தனர். 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணம் நீங்கிற்று. வன்னி உழவனுக்கோ கட்டணத்தினும் தூரமே பெருந்தடை. வண்டி கட்டிக் காட்டுவழி கடந்து வந்தவன், வைத்தியர் இல்லையென்று கேட்டால், மறுமுறை ஊர்ப் பரிகாரியாரிடமே போவான். அவனைக் குறைகூறுவதற்கில்லை.

போர்க்காலத்தில் வைத்தியசாலை புகலிடமுமாயிற்று. 2009இல் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காக, நோயாளர் புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே திருப்தி என்ற சொல்லுக்கே இடமில்லை. வைத்தியர் உடனிருந்தார் என்பதே பெரிதாயிருந்தது.

இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்று வழங்கியது. இன்று வன்னியை நெருக்குபவை நீரிழிவும் இரத்த அழுத்தமும். இவற்றுக்கு மாதந்தோறும் மருந்து வேண்டும்; அருகிலுள்ள ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவே அதற்கு உகந்த இடம். ஆனால் அதனைக் கடந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ் ஏறுவோர் பலர். இரத்தப் பரிசோதனையும் மருந்தும் ஒரே நாளில் கிடைக்குமா என்பதே அவர்களுடைய கேள்வி.