குடுவைக்குள் ஒரு மழைத்துளி

வானவில் பாடத்தை நான் நியூட்டனிலிருந்து தொடங்குவதில்லை. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கைச் சேர்ந்த தியோடொரிக் என்ற துறவியைத்தான் முதலில் சொல்வேன்.

மேகத்தில் ஒளி பட்டுத் திரும்புவதே வானவில் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருந்தார். 1304-க்கும் 1310-க்கும் இடையில் தியோடொரிக் மேகத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு துளியை ஆராய்ந்தார். உருண்டையான கண்ணாடிக் குடுவையில் நீர் நிரப்பி, அதையே பெரிய மழைத்துளியாக வைத்துக்கொண்டார். உள்ளே நுழையும் ஒளி வளைகிறது. பின்பக்கத்தில் பட்டுத் திரும்புகிறது. வெளியேறுகையில் மறுபடி வளைகிறது. உள்ளே இருமுறை பட்டுத் திரும்பும் ஒளியே, நிறங்கள் தலைகீழாக அமைந்த இரண்டாம் வில்.

கண்ணை மேலும் கீழும் நகர்த்தியபோது குடுவையில் தெரிந்த நிறமும் மாறியது. அப்படியென்றால், ஒரு துளி ஒரு கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறத்தையே அனுப்புகிறது. உயரத்திலுள்ள துளிகள் சிவப்பையும் தாழ உள்ளவை ஊதாவையும் தருகின்றன. பார்ப்பவர் நிற்கும் இடமும் வானவில்லின் ஒரு பகுதி என்பது இதில் தெளிவாயிற்று.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசி, இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூலைப் பின்பற்றி, இருட்டறையில் நீர் நிரம்பிய கண்ணாடிக் கோளத்தை வைத்து இதே விளக்கத்தை எட்டினார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள்.

1637-இல் தேகார்த் கணக்கிட்டுக் காட்டினார்: சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து சுமார் 42 பாகையில் ஒளிக்கதிர்கள் நெருங்கிக் குவிகின்றன. நிறத்துக்கு நிறம் வளைவு மாறுகிறது என்பதை நியூட்டன் காட்டினார்.

அந்த 42-ஐ என் மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சூரியன் அதற்கு மேல் ஏறிவிட்டால் சமதரையில் நிற்பவருக்கு வானவில் இல்லை. அதனால்தான் நம் ஊர் உச்சிவெயில் மழையில் அது தோன்றுவதில்லை. காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே தேட வேண்டும். கீழேயும் மழைத்துளிகள் இருந்தால் விமானத்திலிருந்து முழு வட்டமே தெரியும். அருகருகே நிற்கும் இருவருக்கும் வில்லைக் காட்டும் துளிகள் வேறு வேறு.

பாடநூல்கள் தேகார்த்துக்கும் நியூட்டனுக்கும் தரும் இடத்தில் ஒரு வரியாவது தியோடொரிக்குக்கும் அல்-ஃபாரிசிக்கும் தர வேண்டும். எட்டாத வானத்தை ஒரு குடுவை நீரில் சோதித்துப் பார்க்கலாம் என்ற துணிவை மாணவர்கள் அவர்களிடமிருந்துதான் கற்க முடியும்.