ரேடியோ வேலை செய்யவில்லையா? செட்டை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத் தோட்டப் பாதைகளில் ஓடும் வேன்களும் கார்களும் பெரும்பாலும் பழையவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். செய்தி சேகரிக்க இந்த வண்டிகளில் ஏறும் நான் அடிக்கடி கேட்பது: "செட் போயிருச்சு, புதுசுதான் போடணும்." பல தடவை செட்டில் பழுதே இருக்காது. அதற்குப் போகும் வயர்தான் அறுந்திருக்கும்.

ரேடியோ இங்கே பாட்டுக்கு மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண் சரிந்த மாவட்டம் இது. அடைமழையில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை, தொலைபேசிக்குச் சிக்னல் இல்லாத வளைவில் சாரதிக்கு ரேடியோ வழியாகத்தான் எட்டும்.

வயர் ஏன் கெடுகிறது?

குண்டும் குழியுமான பாதையின் அதிர்வில் இணைப்புகள் தளர்கின்றன. அப்புத்தளை, பண்டாரவளைப் பனிமூட்டத்தின் ஈரம் டேப்புக்குள் புகுந்து செம்பைப் பச்சை பூக்க வைக்கிறது. இரவில் நிறுத்திய வண்டியில் எலி கடிக்கிறது. கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கும் ஸ்பீக்கர் வயர், மேலுறை நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்துவிடும்.

அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

கடைகளில் வாங்கிப் பொருத்தும் செட்களில் பொதுவாக மஞ்சள் வயர் பற்றரியிலிருந்து எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு, சாவி திருப்பினால் வருவது, கறுப்பு ஏர்த். வண்டியோடு வந்த வயர்களின் நிறம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். அங்கே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும்.

- செட்டே எரியவில்லை: பியூஸ், சிவப்பு வயர், ஏர்த் ஆகியவற்றைப் பாருங்கள்.
- சாவியை எடுத்ததும் நேரமும் அலைவரிசையும் அழிகின்றன: மஞ்சளில் மின்சாரம் வரவில்லை.
- எஞ்சின் வேகம் கூடக்கூட இரைச்சல் கூடுகிறது: முதலில் ஏர்த்தைச் சந்தேகியுங்கள். பெயின்டைச் சுரண்டி, வெற்று உலோகத்தில் இறுக்க வேண்டும்.
- கதவை ஆட்டினால் ஒரு ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கேட்கிறது: கதவு இடுக்கிலுள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்திருக்கலாம்.

ஸ்பீக்கர் வயர்களைச் செட்டிலிருந்து கழற்றி அளந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் சுமார் 3 முதல் 4 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் வயரோ ஸ்பீக்கரோ அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் ஷோர்ட். ஸ்பீக்கரின் இரண்டு வயர்களில் எதுவும் வண்டியின் உடலைத் தொடக்கூடாது. நெகடிவ் வயரை ஏர்த்தில் இணைத்தால் இப்போதைய செட்களின் அம்ப் கெட்டுவிடும்.

இணைப்பது எப்படி?

முதலில் பற்றரியின் நெகடிவைக் கழற்றுங்கள். சில செட்கள் மறுபடி இயங்க இரகசிய எண் கேட்கும். அதை முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பச்சை பூத்த பகுதியைப் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டுங்கள். சூட்டில் சுருங்கும் ஸ்லீவை முதலில் வயரில் கோர்த்துவிட்டு, இரு முனைகளையும் கிரிம்ப் குழாயில் வைத்து அதற்குரிய குறட்டால் நசுக்குங்கள். இழுத்துப் பார்த்து, கழன்று வராவிட்டால் ஸ்லீவைச் சூடாக்கி மூடுங்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் நல்ல இணைப்புத்தான். ஆனால் ஈயம் ஊறிய இழைகள் விறைத்துவிடுவதால், ஆடும் இடத்தில் அதன் ஓரத்திலேயே முறியும். கதவு ரப்பருக்குள் எந்த இணைப்பும் வேண்டாம். அந்தத் துண்டு முழுவதையும் பல இழை வயரால் மாற்றி, சற்றுத் தளர்வாக விடுங்கள். பக்கத்துப் பக்கத்து வயர்களின் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வெட்டுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், ஈரத்தில் பசை விட்டு டேப் அவிழ்ந்துவிடும்.

இவற்றில் விளையாட வேண்டாம்

பியூஸ் மறுபடி மறுபடி எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது. அந்த இடத்தில் வெள்ளித்தாளோ கம்பியோ பெரிய பியூஸோ போட்டால், பியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். டாஷ்போர்டுக்குள் பிடிக்கும் தீ, பயணிகள் இருக்கும்போதும் பிடிக்கலாம். தனி அம்ப் போட்டவர்கள், பற்றரியிலிருந்து வரும் கேபிளில் ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் உறையிட்ட எயார்பேக் வயர்களையும், ஹைபிரிட் வண்டிகளின் தடித்த செம்மஞ்சள் கேபிள்களையும் தொடாதீர்கள். அவை பயிற்சி பெற்றவரின் வேலை.

கராஜுக்குப் போனாலும் ஒன்றைக் கேளுங்கள். செட்டைக் கழற்றிய பாஸிடம், மஞ்சளிலும் சிவப்பிலும் எத்தனை வோல்ட் வருகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றரியில் 12.6 அளவிலும், ஓடும்போது 14 அளவிலும் வர வேண்டும். அது வந்து, ஏர்த்தும் பியூஸும் சரியாக இருந்தும் செட் எரியாவிட்டால் மட்டும் புதிய செட்டைப் பற்றிப் பேசலாம்.