விகிதமுறு சார்பின் எல்லை: நேரடிப் பிரதியிடல்

நேரடிப் பிரதியிடல் என்பது, மாறி நெருங்கும் எண்ணையே விகிதமுறு சார்பில் இட்டு அதன் எல்லையைக் காணும் நுண்கணித முறை. இரு பல்லுறுப்புக் கோவைகளின் ஈவே விகிதமுறு சார்பு. பகுதி பூச்சியமாகாத புள்ளிகளில் அது தொடர்ச்சியானது என்பதால் அங்கு எல்லையும் சார்பின் மதிப்பும் சமம்.

எடுத்துக்காட்டு: மாறி 2-ஐ நெருங்கும்போது, தொகுதி ‘மாறியின் வர்க்கம் கூட்டல் 3’, பகுதி ‘மாறி கழித்தல் 1’ எனில் எல்லை 7.

பிரதியிடும்போது பகுதி மட்டும் பூச்சியமானால் முடிவுறு எல்லை இல்லை. தொகுதியும் பூச்சியமானால் அது 0/0 என்னும் தேறப்பெறாத வடிவம். அப்போது பொதுக் காரணியை நீக்கிய பின் மீண்டும் பிரதியிட வேண்டும்.

இம்முறைக்கு ஆதாரமான தொடர்ச்சிக்குக் கணிதவியலாளர்களான போல்சானோ 1817-லும் கோஷி 1821-லும் துல்லியமான வரையறை தந்தனர். பின்னர் கணிதவியலாளர் வயர்ஸ்ட்ராஸ் அவ்வரையறையைச் செம்மைப்படுத்தினார். வகைக்கெழுவை வரையறையிலிருந்து காண நேரடிப் பிரதியிடல் அடிப்படையாகும்.