தேவதைகள் உலாவும் பூங்கா: நவீன ஓவியத்துக்கு வழிவிட்டவர் யார்?

மாடர்ன் ஆர்ட் ஓவியம் ஒன்றைப் பார்த்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இதுல என்ன வரைஞ்சிருக்காங்க?" என்பதுதான். அந்தக் கேள்வியையே மாற்றிப் போட்டவர்களில் ஒருவர், பிரெஞ்சு ஓவியர் மொரீஸ் டெனி. அவரைப் புரிந்துகொள்ள ஒரு பூங்காக் காட்சி போதும்.

ஓவியத்தில் என்ன இருக்கிறது?

1893-ல் டெனி வரைந்த ஓவியம் 'கலைத் தேவதைகள்'. இப்போது பாரீஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரமான செஸ்ட்நட் மரங்கள். முன்னால் மூன்று பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் மரங்களுக்கு நடுவே நடக்கிறார்கள்.

கிரேக்கப் புராணத்தில் கலைகளுக்கு அதிபதிகளான தேவதைகள் இவர்கள். ஆனால், கையில் யாழ் இல்லை, முகமூடி இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட உடையில்தான் இருக்கிறார்கள். இடமும் சொர்க்கம் அல்ல. பாரீஸுக்குப் பக்கத்தில் டெனி வாழ்ந்த சான்-ஜெர்மன்-அன்-லே ஊரின் மரங்கள்தான். அதே ஆண்டு அவர் மணந்த மார்த்தின் சாயலும் இந்தப் பெண்களிடம் உண்டு.

சரி, இதுல என்ன விசேஷம்?

தரையைப் பாருங்கள். உதிர்ந்த இலைகள், பூப்போட்ட ஜமுக்காளம் விரித்தது போலத் தெரியும். மரங்கள் தூண்கள் மாதிரி நேராக நிற்கின்றன. நிழல், ஆழம் எல்லாம் குறைவு. நிஜப் பூங்காவை அப்படியே காட்ட டெனி முயலவே இல்லை. கோடும் வண்ணமும் சேர்ந்து தரும் அமைதிதான் அவருக்கு முக்கியம்.

கண்ணில் பட்டதை நகலெடுக்காமல், மனதில் பட்டதை வடிவமாகவும் வண்ணமாகவும் மாற்றுவதுதான் சிம்பாலிசம், அதாவது குறியீட்டியம்.

19 வயதில் எழுதிய வாக்கியம்

இந்த ஓவியத்துக்கான விதை முன்பே விழுந்துவிட்டது. 1888-ல் பால் கோகனின் வழிகாட்டுதலில், பால் செருசியே ஒரு சிறிய மரப்பலகையில் இயற்கைக் காட்சி ஒன்றை வரைந்தார். கிட்டத்தட்ட வெறும் வண்ணத் திட்டுகள்! அதைப் பார்த்து அசந்துபோன மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர் 'நாபி'. எபிரேய மொழியில் தீர்க்கதரிசி என்று அர்த்தம். பொன்னார், வுய்யார் ஆகியோருடன் டெனியும் அதில் இருந்தார்.

1890-ல் டெனி ஒரு கட்டுரை எழுதினார். அப்போது வயது 19. அதில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஓவியத்தில் இருப்பது குதிரையா, பெண்ணா, ஏதாவது கதையா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அது, ஓர் ஒழுங்கோடு வண்ணங்கள் பூசப்பட்ட தட்டையான பரப்பு.

அவ்வளவுதான். ஆனால், நவீன ஓவிய வரலாற்றைப் பேசும்போது இன்றும் திரும்பத் திரும்பக் காட்டப்படும் வாக்கியம் அது. பொருளை விட வண்ணமும் வடிவமும் முக்கியம் என்றால், பொருளே இல்லாமலும் வரையலாம்தானே? 1910-களில் காண்டின்ஸ்கி உள்ளிட்டோர் அந்த எல்லையைத் தாண்டினார்கள்.

கதவைத் திறந்தவர் உள்ளே போகவில்லை

இதில் ஒரு முரண் இருக்கிறது. டெனி கடைசி வரை அரூப ஓவியம் பக்கம் போகவே இல்லை. தீவிர கத்தோலிக்கரான அவருக்கு ஓவியம் பக்தியையும் அன்பையும் சொல்ல வேண்டும். 1905-ல் மத்தீஸின் ஓவியங்களைப் பார்த்தபோது, கோட்பாடு அதிகமாகிவிட்டதாக விமர்சித்தார். 1919-ல் ஜார்ஜ் தெவல்லியேருடன் சேர்ந்து சமயக் கலைக்கெனப் பயிற்சிக் கூடம் தொடங்கினார். 1943-ல் பாரீஸில் வாகனம் மோதி இறந்தார்.

அவரைப் பொறுத்தவரை தட்டையான பரப்பு என்பது முடிவு அல்ல, தொடக்கம். அந்தப் பரப்பின் வழியாகத்தான் உணர்வு பார்ப்பவரிடம் போய்ச் சேரும் என்று நம்பினார். பூங்காவில் உலாவும் அந்தப் பெண்களைப் பார்த்தால் அது புரியும்.

அதனால், அடுத்த முறை புரியாத ஓவியம் ஒன்று எதிரில் வந்தால், "என்ன வரைஞ்சிருக்காங்க?" என்று உடனே கேட்க வேண்டாம். முதலில் வண்ணங்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். கதை இருந்தால், அது பின்னால் வரும்.