படமே சான்று: காஞ்சிபுர ஆய்வுகளில் காட்சியின் இடம்

வரலாற்றைப் படமாகச் சொல்லும் முயற்சி காஞ்சியில் மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவமல்லன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னுள்ள சுவரில் சிற்பத் தொகுதிகள் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் செல்கின்றன. நான்முகனில் தொடங்கும் பல்லவர் மரபு, போர்கள், முடிசூட்டு விழாக்கள் என்று நீளும் அந்த வரிசை நந்திவர்மன் காலத்தை எட்டுகிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் அமைச்சர்களும் கடிகையாரும் (கல்விச்சாலையினர்) மூலப்பிரகிருதிகளும் (முதன்மைக் குடிகள்) கிளை மரபினரான இரணியவர்மனை நாடிச் சென்றதும், அவருடைய மூத்த பிள்ளைகள் மறுக்க, 12 வயது மகன் பல்லவமல்லன் அரசேற்க இசைந்ததும் அங்கே காட்டப்படுகின்றன. இந்தப் பகுதிக்குக் கல்வெட்டு விளக்கமும் உண்டு. படமும் அதன் குறிப்பும் ஒரே சுவரில் இருக்கின்றன.

இதை நடுநிலையான பதிவாகக் கொள்ள முடியாது. கிளை மரபிலிருந்து வந்து அரியணை ஏறியவன் தன் உரிமையை ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவன் செப்பேட்டோடு நிற்கவில்லை. காசாக்குடிச் செப்பேடும் அவனை மக்கள் தேர்ந்ததாகவே சொல்கிறது. ஆனால் செப்பேடு பெட்டிக்குள் இருப்பது. சுவர், வலம் வருவோர் அனைவர் கண்ணிலும் படுவது.

இந்தச் சுவரையும் இதற்கு முந்திய கைலாசநாதர் கோயிலையும் ஆராய்ந்தவர்களும் காட்சியின் வழியே தங்கள் ஆய்வை வெளியிட நேர்ந்தது. சென்னை மாகாணத் தொல்லியல் அளவையாளர் அலெக்சாண்டர் ரீ, பல்லவர் கோயில்களைத் தரைப்படங்கள், வரைபடங்கள், ஒளிப்படங்களுடன் 1909-இல் நூலாக்கினார். அதில் விளக்கவுரை குறைவு, அளவுதான் மிகுதி. கோயிலை நேரில் காணாதவரும் அதன் அமைப்பைப் பற்றி வாதிட அந்நூல் வழிசெய்தது. 1931-இல் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய், கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களில் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் ஓவியங்களைக் கண்டறிந்தார். பின்னர் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அவற்றின் சுண்ணப்பூச்சையும் வண்ணங்களையும் சோதித்து, ஓவியம் தீட்டிய முறையை ஆராய்ந்தார்.

இவர்களுள் என் மதிப்பில் முதலிடம் கடம்பி மீனாட்சிக்கு. 1905-இல் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்வையும் பற்றிய அவரது ஆய்வேடு 1938-இல் நூலாயிற்று. 1940-இல், முப்பத்தைந்து வயது நிறையும் முன்பே, அவர் காலமானார். வைகுந்தப் பெருமாள் கோயில் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றிய அவரது நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941-இல் தன் 63-ஆம் ஆய்வு வெளியீடாகக் கொண்டுவந்தது. அச்சிட்ட புத்தகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்நூலின் முறையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தொகுதி தொகுதியாகச் சிற்பத்தை விவரித்து, அதில் நிற்பவர் யார், நிகழ்வது என்ன என்று செப்பேடுகளோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டு முடிவு சொல்கிறார் மீனாட்சி. ஒளிப்படத் தட்டுகளும் உடன் இருக்கின்றன. ஆகவே அவர் முடிவை ஏற்காதவர் படத்தைப் பார்த்து மறுக்கலாம். ஆய்வாளர் தம் சான்றை வாசகர் கையில் கொடுத்துவிடும் இந்த நேர்மையே காட்சிவழி வெளியீட்டின் உயிர். அழகுக்காக மட்டும் படம் சேர்க்கும் நூல்களில் இது இருக்காது. மணற்கல் அரிப்பில் சிற்பங்கள் மழுங்கிவரும் நிலையில், அந்தப் பழைய ஒளிப்படங்களே இன்று மூலச் சான்றாகின்றன.

பின்வந்தவர்கள் வேறு திசைகளில் சென்றார்கள். டென்னிஸ் ஹட்சன் 2008-இல் வெளியான நூலில் அதே கோயிலின் விமானச் சிற்பங்களை பாகவத, பாஞ்சராத்திர வைணவ மரபு வழியே வாசித்தார். எம்மா நடால்யா ஸ்டைன் 2021-இல், தனிக்கோயிலை விட்டு, நகரம் முழுவதும் வளர்ந்த விதத்தை வரைபடங்களாலும் ஒளிப்படங்களாலும் காட்டினார்.

இந்நூல்கள் யாவும் முதலில் ஆங்கிலத்தில் வந்தவை. காஞ்சியோ, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைந்த டிசைனிலிருந்து ஜக்கார்டு அட்டை குத்தி, கரையும் முந்தானையும் நெய்யும் ஊர். வரைபடத்தைப் பார்த்து வேலை செய்யப் பழகிய இம்மக்களுக்குப் படங்களோடு கூடிய ஆய்வு அந்நியமானதல்ல. அது அவர்கள் மொழியில், அவர்கள் கைக்கு வர வேண்டும், அவ்வளவே. 1941-ஆம் ஆண்டுப் படங்களையும் இன்றைய படங்களையும் அருகருகே வைத்து, மீனாட்சியின் வாசிப்பைத் தமிழில் தரும் கையேடு ஒன்றை வைகுந்தப் பெருமாள் கோயில் வாசலிலேயே மலிவு விலையில் கிடைக்கச் செய்ய வேண்டும். தொல்லியல் துறையும் நம் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் இதைச் சிற்பங்கள் மேலும் தேயுமுன் செய்து முடிக்க வேண்டும்.